கிட்ட இழுத்த கதிரை

லாசால், மொன்றியல்
12 ஜனவரி 2004

றோசலின்,

இதைத் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத வழியில்லை. தொலைபேசியிலும் சொல்ல வழியில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்பது உனக்குத் தெரியும்தானே. பதில் போடுவதானால் தொழிற்சாலை விலாசத்துக்குப் போடு. உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய்.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வழக்கம்போல நான்தான் மொழிபெயர்ப்பு. டொக்டர் இளம் பெண். எங்களைக் கண்டதும் எழும்பிக் கதவைச் சாத்தினார். பிறகு தன் கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு வந்து இருந்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ரீவியில் எத்தனை அமெரிக்கப் படம் பார்த்திருக்கிறேன்! டொக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஆள் தப்பும். கதிரையை இழுத்தால் முடிஞ்சுது.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் ஐந்து நிமிடம் கதைத்தார். அம்மா என் பக்கம் திரும்பி, "என்னவாம் தம்பி?" என்றார்.

"வயித்துக்குள்ளை புண்ணாம் அம்மா. கனகாலம் உறைப்புத் திண்டதாலையாம். வெட்டி எடுத்தாச் சுகமாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தும் காட்டினேன், றோசலின். அம்மா சந்தேகமாகப் பார்த்தார். "உறைப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவு நேரமே?" என்றார். "பிரெஞ்சு அப்பிடித்தான் அம்மா, நீட்டி முழக்குவினம்" என்றேன். அம்மாவும் சிரித்தார். அவருக்கு விளங்கியதா என்று டொக்டர் கேட்டார். விளங்கிவிட்டது என்றேன்.

இப்போது உன்னிடம் இரண்டு விசயம். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழக்கூடாது. இரண்டு, இங்கே வரக்கூடாது. படிப்பு முடித்து ஆகஸ்டில் வருவதாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். யப்பானில் இருந்து திடீரென்று வந்து நின்றால் அவருக்கு உடனே பிடிபட்டுவிடும். நீ வருவதும் நோயின் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான்.

சொல்லவேண்டும் என்று வாதாடாதே. ஊரில் அப்பாவிடம் அவருடைய நோயை நீதான் போய்ச் சொன்னாய். பதினோராம் நாள் அவர் போன செய்தி எனக்கு இங்கே வந்தது.

பேனாட்


கியோத்தோ
21 ஜனவரி 2004

அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே வாசித்தேன். கால் விறைத்தபிறகுதான் இருந்தேன்.

எப்படி அண்ணா சிரித்தாய்? கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே தெரியவேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அது தேவைப்படும்.

நீ சொன்ன கதிரையை நானும் பார்த்திருக்கிறேன். என் ஆராய்ச்சியே அதுதானே. அமெரிக்க, பிரெஞ்சுப் படங்களில் நோயைச் சொல்கிற காட்சிகள் நாற்பதுக்கு மேல் பார்த்துவிட்டேன். கதவு சாத்தப்படும். டொக்டர் நோயாளியின் கண்ணைப் பார்த்துச் சொல்வார். அந்த உண்மை அந்த ஒரு ஆளுக்குச் சொந்தம். அவர் அதை எடுத்துக்கொண்டு கடல் பார்க்கப் போவார், பழைய கோபங்களைத் தீர்ப்பார். இங்கத்தைய பழைய படங்களில் டொக்டர் மூத்த மகனை விறாந்தைக்குக் கூப்பிடுவார். நோயாளி உள்ளே கட்டிலில் இருப்பார். உண்மை வீட்டுக்குச் சொந்தம். வீட்டில் உள்ள எல்லாரும் அதைப் பங்குபோட்டுச் சுமப்பார்கள், நோயாளியைத் தவிர.

வாழ்க்கையைப் பார்த்துப் படம் எடுத்தார்களா, படத்தைப் பார்த்துச் சனம் பழகியதா என்று என் பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு அறை வாடகைக்குத் தந்திருக்கிற வீட்டுக்கார அம்மா ஒருநாள் சொன்னார்: தன் புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தான் படத்தில் பார்த்ததுபோலவே பக்கத்தில் இருந்து பழம் சீவிக்கொண்டு சிரித்தாராம். வேறு எப்படி இருப்பது என்று தெரியவில்லையாம். அவருடைய மகள் வெளிநாட்டுத் தொடர்களில் ஊறினவள். தனக்கு ஏதாவது வந்தால் தனக்கே முதலில் சொல்லவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாளாம். ஒரே வீடு, அண்ணா.

நீ வெள்ளைக்கார டொக்டரின் அறைக்குள் இருந்துகொண்டு யப்பான் படத்து மூத்த மகனாக நடித்திருக்கிறாய். ஆனால் உனக்கு விறாந்தை இருக்கவில்லை. அம்மாவின் கண்ணுக்கு முன்னாலேயே செய்யவேண்டி வந்துவிட்டது.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். பத்து வருடமாக நீ இதைச் சொல்லாமல் வைத்திருந்தாய், இப்போது சொல்லிவிட்டாய், நல்லது. நீ அங்கே இருக்கவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் கேட்டார், சொன்னேன். உடனே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயம். உள்ளே அம்மாதான் இருந்தார். நான் சொன்னதால்தான் அவர் போனாரா என்று நீ கேட்கத் தேவையில்லை. நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வரவில்லை. நீ சொன்னபடியே இருக்கிறேன். ஆனால் அம்மாவிடம் சொல், அண்ணா. தயவுசெய்து சொல்.

றோசலின்


லாசால்
2 பெப்ரவரி 2004

றோசலின்,

என்னை நடிகனாக்கியதற்கு நன்றி. நீ நாற்பது படம் பார்த்திருக்கிறாய். நான் அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இடியப்பத்தை மூன்று நேரத்துக்கு வைத்துச் சாப்பிடுகிறார்.

நீ எங்கள் படங்களை மறந்துவிட்டாய். நாங்கள் என்ன யப்பானிலா வளர்ந்தோம்? கதாநாயகன் இருமுவான், லேஞ்சியில் இரத்தத்தைப் பார்ப்பான், பொத்திக்கொண்டு பொக்கற்றுக்குள் வைப்பான். அங்கே நோயாளி வீட்டுக்காரருக்கு ஒளிப்பான். கடைசிக் காட்சியில்தான் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் கத்தி அழுவார்கள். நாங்கள் அதைப் பார்த்துத்தான் பழகினோம். அந்தக் கடைசிக் காட்சி எனக்கு வேண்டாம்.

இப்போது வேறு பெரிய சிக்கல் ஒன்று வந்து நிற்கிறது. வியாழக்கிழமை திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மார்ச் 23ஆம் திகதி ஒபரேசனுக்கு நாள் தந்தார்கள். இன்னும் பரவவில்லை, இப்போதே வெட்டினால் நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட்டால் பிறகு வெட்டவே ஏலாமல் போகலாம் என்று டொக்டர் சொன்னார். கையெழுத்து அம்மாதான் வைக்கவேண்டும்.

அம்மா பேனையைத் தொடவே இல்லை.

"புண்ணுக்கு ஆர் தம்பி வயித்தைக் கிழிக்கிறது? நான் உறைப்பை விட்டிட்டன். பால்கஞ்சி குடிக்கிறன். மாறும்."

நான் சொன்ன பொய் அவ்வளவு நல்ல பொய், றோசலின். அதிலே அவருக்குப் பயமே இல்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது அல்போன்சம்மாவிடமும் சொன்னார்: "எனக்கு வெறும் புண். இஞ்சத்தை டொக்டர்மாருக்கு எதுக்கும் கத்திதான்." அல்போன்சம்மா மேல்வீட்டில்தான் இருக்கிறார். இருபது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தவர், பிரெஞ்சு தண்ணீர் மாதிரி. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கார் எடுக்கப் போகிறேன் என்று நழுவிவிட்டேன்.

டொக்டரிடம், "அம்மா யோசித்துச் சொல்வாராம்" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இப்போது இரண்டு பக்கமும் பொய். மார்ச் 5ஆம் திகதிக்கு முன் முடிவு சொல்லாவிட்டால் அந்த நாளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சொன்னால் அப்பா மாதிரிச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாரோ என்று பயம். சொல்லாவிட்டால் கையெழுத்து வைக்கமாட்டார். வேலையில் இன்று ஒரே பெட்டிக்கு இரண்டு தரம் லேபல் ஒட்டினேன். என்ன செய்ய, சொல்லு.

பேனாட்


கியோத்தோ
10 பெப்ரவரி 2004

அண்ணா,

சனிக்கிழமை கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கதைத்தேன். "குளிருக்கு நல்ல ஸ்வெற்றர் போடுறியோ?" என்று கேட்டார். "ஓம் அம்மா, நீங்கள் எப்பிடி?" என்றேன். "எனக்கென்ன, ஒரு புண்" என்றார். நானும் சிரித்தேன். அவ்வளவு சுகமாக வந்தது, அண்ணா. உன்னிடம் எப்படிச் சிரித்தாய் என்று கேட்டேனே, இனிக் கேட்கமாட்டேன்.

இதோடு ஒரு பொதி அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒரு வீடியோக் கசெற். எங்கள் துறை நூலகத்தில் கொப்பி எடுத்தது, உன் பெட்டியில் ஓடும். பழைய கறுப்பு வெள்ளைப் படம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விதவைத் தாய். தாய்க்கு நோய். டொக்டர் மகனை விறாந்தைக்குக் கூப்பிட்டுச் சொல்வார். மகன் உள்ளே வந்து, வயிறு களைத்துப்போய்விட்டதாம் என்று சொல்வான். தங்கையின் கலியாணத்தை அவசரமாக முன்னுக்கு வைப்பார்கள். தாய் ஒன்றும் கேட்காமல் கலியாண உடுப்புத் தைப்பாள்.

அம்மாவோடு இருந்து பார். நீ எப்போதும் எங்களுக்கு ஆங்கிலப் படத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வாயே, அப்படிச் சொல். படம் முடிந்ததும் கேள்: அந்த மகன் செய்தது சரியா, அம்மா? அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் பதில். சரி என்றால் நான் உன்னை இனித் தொந்தரவு செய்யமாட்டேன். வேறு வழி பார்ப்போம்.

கோழை வேலை என்று நினைப்பாய். ஓம், கோழை வேலைதான். உனக்கும் எனக்கும் வாய் வரவில்லை. படத்துக்காவது வரட்டும்.

றோசலின்


லாசால்
23 பெப்ரவரி 2004

றோசலின்,

பொதி வந்தது. கசெற்றை என் அலுமாரியில் காற்சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதைப் போடப்போவதில்லை. அம்மாவைச் சோதனைக்கு இருத்த எனக்கு மனமில்லை. உனக்கு எல்லாம் ஆராய்ச்சி.

போன கிழமை இரண்டு தரம் சத்தி எடுத்தார். நான் கேட்கக்கூடாது என்று தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டிருந்தார்.

பேனாட்


கியோத்தோ
24 பெப்ரவரி 2004

அண்ணா,

நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். மார்ச் 5, மார்ச் 5 என்றே மண்டைக்குள் ஓடுகிறது. படம் பார்த்தீர்களா? ஒரு வரியாவது போடு.

மார்ச் 14ஆம் திகதிக்கு விமான ரிக்கற் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். 12ஆம் திகதி வரைக்கும் பிடித்து வைப்பார்கள். நீ வா என்று சொல்லாமல் வரமாட்டேன். ஆனால் நான் வராமல் இருப்பதும் பொய்தான், அண்ணா. அம்மாவுக்கு ஏலாத நேரம் அவரை விட்டு எட்டி நிற்பதுதான் என் பங்குக்கு நீ தந்த வேலை. அப்பாவிடமும் இதைத்தான் செய்தேன். இன்னொரு தரம் என்னால் ஏலாது.

றோசலின்


லாசால்
6 மார்ச் 2004

அன்புள்ள றோசலின்,

இதைக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். எதிரே அம்மா இருக்கிறார். எழுதச் சொன்னதும் அவர்தான். தொலைபேசியில் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம். அவள் அழுவாள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம். கடிதம் எழுதித்தானே ரெண்டு பேரும் ஒளிச்சனீங்கள், கடிதத்திலையே சொல்லு" என்கிறார். விரைவுத் தபாலில் போடுகிறேன், நாலு நாளில் கிடைக்கும்.

கசெற்றை நான் போடவில்லை. காற்சட்டை மடித்து வைக்கும்போது அம்மாவே கண்டெடுத்தார். உறையில் உன் கையெழுத்து. "பிள்ளை படம் அனுப்பியிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல் வச்சிருக்கிறாய்" என்று கொதித்தார். போன சனிக்கிழமை பின்னேரம், தேத்தண்ணியோடு, போடு என்று இருந்துவிட்டார். என்ன சாட்டுச் சொல்வது? போட்டேன்.

முதல் அரை மணித்தியாலம் நல்லாகத்தான் போனது. மீன், கடல், பெட்டை பார்க்க வருகிற மாப்பிள்ளை. நான் வாசித்து வாசித்துச் சொன்னேன். அம்மாவுக்கு நல்ல சந்தோசம். பிறகு டொக்டர் மகனை வெளியே கூப்பிட்டார். கீழே எழுத்து வந்தது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"வீட்டு வாடகை கூடிப்போச்சாம், அம்மா."

பொய் சொல்லிப் பழகின வாய் பார், தானாக வந்தது. அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாடகையைப் பற்றிக் கதைக்கிற முகமே இது? ஆஸ்பத்திரியிலை நிண்டு ஆர் வாடகை கதைக்கிறது? நிப்பாட்டு. திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். "நீ இனி வாய் திறக்கக்கூடாது" என்றார். மிச்சப் படம் முழுவதையும் அப்படியே பார்த்தார், றோசலின். ஒரு சொல்லும் விளங்காமல். மகன் சன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைப்பான், பிறகு சிரித்துக்கொண்டு உள்ளே போவான். அந்த இடத்தை இரண்டு தரம் போடச் சொன்னார். தாய் கலியாண உடுப்புத் தைக்கிற இடத்தில் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். படம் முடிந்து கசெற் தானாகச் சுற்றி நின்றது.

"இந்தப் பெடியன் தாயிட்டைப் பொய் சொல்லுறான்," என்றார்.

நான் எழும்பிக் கசெற்றை வெளியே எடுத்தேன்.

"அண்டைக்கு அந்த டொக்டர் பிள்ளை கதிரையைக் கிட்ட இழுத்தவ. வயித்துப்புண்ணுக்கு ஆர் கதிரையை இழுக்கிறது, தம்பி? பின்னேரத்திலை நானும்தானே இஞ்சத்தை நாடகங்கள் பாக்கிறன். அண்டைக்கே எனக்கு நெஞ்சு இடிச்சது. பேந்து உன்னைப் பாத்தன். நீ சிரிச்சாய். நான் அவவின்ரை முகத்தை விட்டிட்டு உன்ரை வாயை நம்பினன்."

நான் அவரின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். முப்பத்தெட்டு வயதில். உன்னிடம் மறைத்து என்ன? அம்மா அழவில்லை. என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், செல்லமாக இல்லை, நல்லாக நொந்தது. "இன்னும் எத்தினை நாள் இருக்கு கையெழுத்துக்கு?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அல்போன்சம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். டொக்டரின் அறை வாசலில் என் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினார். "நீ இதிலை இரு" என்றார்.

அவர்கள் மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் விறாந்தையில் இருந்தேன். எட்டு வருடமாக இந்த ஊரில் அம்மாவுக்கு நான்தான் வாய், றோசலின். டொக்டர், வங்கி, குடிவரவு, தெப்பனர்க் கடையில் பால் வாங்குவது வரைக்கும். என்னை வெளியே விட்டு அவர் ஒரு கதவுக்குள் போனது இதுதான் முதல் தரம். அந்த இடத்தில் எனக்கு வந்தது பயமா வெட்கமா என்று இன்னும் தெரியவில்லை. ஐம்பது நிமிடம். அல்போன்சம்மாதான் அழுதுகொண்டு வெளியே வந்தார். அம்மா அவரை ஏசிக்கொண்டே பின்னால் வந்தார்: "நீ அழுதா நான் எப்பிடி மிச்சத்தைக் கேக்கிறது? மூண்டு தரம் மறிச்சுக் கேக்க வேண்டிப் போச்சு."

கையெழுத்து வைத்துவிட்டார். 23ஆம் திகதி காலை. பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று தானே கேட்டாராம். பாதிக்கு மேல் என்று டொக்டர் சொன்னாராம். "பாதிக்கு மேலை எண்டா நல்ல கணக்குத்தானே" என்கிறார். எனக்கு அந்தக் கணக்கு நல்லதாகப் படவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.

உன் கடிதங்களைக் கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்தேன். முதலாவதை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தார். அப்பாவைப் பற்றி நீ எழுதியது. இனி வருவதை அப்படியே எழுதச் சொல்கிறார், என் சொல் ஒன்றும் கலக்கக்கூடாதாம்:

"பிள்ளை, அப்பா சுவர்ப்பக்கம் திரும்பினது உண்மை. ஒரு நாள்தான். அடுத்த நாள் என்ரை பக்கம் திரும்பினவர். முப்பது வருசம் என்னோடை கதைக்காத கதையெல்லாம் அந்தப் பத்து நாளிலை கதைச்சவர். என்னைக் கட்டேக்கை தனக்குப் பயமாயிருந்ததெண்டுகூடச் சொன்னவர். உன்னைத் தேடினவர். நீ வாசலிலை நிண்டு திரும்பினது எனக்குத் தெரியாது, தெரிஞ்சா இழுத்துக்கொண்டு வந்திருப்பன். நீ சொன்னதாலை அவர் சாகேல்லை. நீ சொன்னதாலைதான் எனக்கு அந்தப் பத்து நாள் கிடைச்சது."

எழுதிவிட்டேன். அப்பா போனதை உன் தலையில் போட்டதற்காக உன்னிடம் நான் மன்னிப்பும் கேட்கவேண்டும். கேட்கிறேன்.

எழுதி முடிந்ததும் வாசித்துக் காட்டவா என்றேன். "நீ வாசிச்சா மாத்தி வாசிப்பாய். இஞ்சை தா" என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையை நீட்டுகிறார். இன்னும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது, அதையும் எழுதிவிட்டுத்தான் கொடுக்கவேண்டுமாம். அதுவும் அவர் சொல்வதுதான்:

"அவள் வந்தா எனக்குத் தெரிஞ்சிடும் எண்டுதானே மறிச்சு வச்சனீ. இப்ப எனக்குத் தெரியும். அவளை வரச் சொல்லு."

அண்ணா